ஒரு கிருமிகூட இல்லை

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்குப் பெயர் லேப்பம்மா. சேர்ந்த புதிதில் லேப் மேடமாக இருந்தாள். வயது ஏற ஏற லேப் அம்மா ஆனாள். பிறகு இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டன. வாசல் காவலாளி முதல் குழாய் பொருத்துபவர்கள் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த பொறியாளர், எல்லோருக்கும் பெரிய சார், வெளி ஆட்கள் இருக்கும்போது மட்டும் ஞாபகமாக மேடம் என்பார்.

இங்கே வருவதற்கு முன் அவள் ஒரு குளிர்பான ஆலையில் இருந்தாள். அங்கே வேலை எளிது. பாட்டிலில் ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் இயந்திரத்தை நிறுத்தி, கொதிநீரும் மருந்தும் விட்டுத் தீர்த்துக்கட்ட வேண்டும். இத்தனை வருஷம் கொலைகாரியாக இருந்துவிட்டு இப்போது ஆயா வேலைக்கு வந்த மாதிரி இருக்கிறது என்று, தண்ணீர் நிலையத்தில் சேர்ந்த பிறகு ஒருநாள் கணவரிடம் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லென்ஸைத் துடைத்துக்கொண்டே சிரித்தாரே தவிர, என்ன ஏது என்று கேட்கவில்லை.

அவள் சொன்னது உண்மைதான். நிலையத்தில் ஒரு நீளமான கூரைக்குக் கீழே வரிசையாகக் கான்கிரீட் தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அடியில் மணல், அதன் மேல் ஆள் இடுப்பளவுக்கு நிலக்கரித் துகள். ஏரித் தண்ணீர் மண்டியெல்லாம் அடங்கியபின் இந்தத் தொட்டிகள் வழியாக இறங்கும். பார்ப்பவர்களுக்கு அது வெறும் வடிகட்டி. ஆனால் ஒவ்வொரு துகளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பு படர்ந்திருக்கும். அந்த வழவழப்பில் நுண்ணுயிர்கள் குடியிருக்கும். தண்ணீரில் கரைந்துகிடக்கும் இலை அழுகல், பாசியின் மண்வாடை, இன்னும் மணலில் சிக்காத எத்தனையோ அழுக்குகளை அவை தின்று தீர்க்கும். தொட்டியைத் தாண்டி வெளியே போகும் தண்ணீரில், கடைசியாக, கொஞ்சம் குளோரின் கலப்பார்கள். தப்பித்தவறி நழுவி வந்தவை அங்கே முடிந்துபோகும். உள்ளே சாப்பிடுகிற கூட்டம், வாசலில் காவல். ஏற்பாடு அவ்வளவுதான்.

உள்ளே இருக்கும் கூட்டம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது லேப்பம்மாவின் வேலை. நீளமான பிடி வைத்த கரண்டியால் தொட்டியிலிருந்து கொஞ்சம் துகளை எடுப்பாள். சுத்தமான நீரில் போட்டுக் குலுக்குவாள். ஒட்டியிருப்பவை உதிர்ந்து வரும். ஒரு மருந்து விட்டால் அவற்றின் உடல் உடையும். இன்னொரு மருந்து, மின்மினிப் பூச்சியின் வாலில் இருக்கும் அதே சரக்கு, விட்டால் சோதனைக் குழாய் மெல்ல ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அடக்கமான ஒரு மீட்டருக்குத் தெரியும். உயிர் அதிகம் என்றால் ஒளி அதிகம். செத்தவை ஒளிராது. இதுபோக, தொட்டிக்கு மேலேயும் கீழேயும் தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று அளப்பாள். மேலே இருந்ததைவிடக் கீழே குறைந்திருந்தால் நடுவில் யாரோ மூச்சுவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

“இன்னிக்கு நல்லா மூச்சு விடறாங்க” என்று ஃபில்டர் பார்க்கும் மைக் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போவாள். மைக் அண்ணனுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் காற்று ஊதும் இயந்திரம். தொட்டியைக் கழுவும்போது அடியிலிருந்து காற்றை ஊதித் துகளைக் கிளறுவார்கள். அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே பல வருஷம் நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். “என் பொண்டாட்டிகூட என்னை ஒருமையிலதான் திட்டறா. லேப்பம்மா அந்தப் பூச்சிங்களுக்கு மரியாதை குடுக்கறாங்க பாரு” என்று அவர் ரகசியமாகச் சொன்னது வாசல்வரை கேட்டது. அவளும் சிரித்தாள். லேபில் அவளுக்குத் தன் வேலையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. இருந்த கர்வத்தைக்கூட மறைக்க மாட்டாள்.

வீட்டில் கதை வேறு. கணவரின் அக்கா, இவளுக்கு அண்ணி, அடுத்த தெருவில் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிப்போவார்கள். அந்த வீட்டு வாசற்படியிலேயே பினாயில் வாசனை வரவேற்கும். கை கழுவாமல் யாரும் குழந்தையைத் தொட முடியாது, பெற்றவளே ஆனாலும். கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இவள் ஆர்வத்தில் தொட்டியைப் பற்றியும் அதில் குடியிருப்பவற்றைப் பற்றியும் சொல்லத் தொடங்கினாள். அண்ணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடும்போது என்ன பேச்சு இது என்றாள். அதட்டலாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த டம்ளர் பிறகு எடுக்கப்படவே இல்லை. அன்றிலிருந்து வீட்டில் அவள் வேலை, தண்ணி டெஸ்ட் பண்றது. அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

வினை ஒரு பலகையால் வந்தது. நிலையத்தைப் பொதுமக்கள் வந்து பார்க்க ஒருநாள் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் விளக்கப் பலகை வைக்க வேண்டும். ஃபில்டர் கூடத்துக்கு எழுதும் பொறுப்பை லேப்பம்மா தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். இங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உங்களுக்காக இரவும் பகலும் உழைக்கின்றன என்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டுத் தள்ளி நின்று நாலு தரம் படித்தாள். வந்தவர்களில் யாரோ அதைப் படம் பிடித்தார்கள். இரண்டே நாளில் அது ஊரில் உள்ள போன்களில் எல்லாம் ஏறிவிட்டது. நுண்ணுயிர் என்று அவள் எழுதியது ஊர் வாயில் கிருமி ஆனது. நம்ம குடிக்கிற தண்ணியில கோடிக்கணக்கா கிருமி, அவங்களே போர்டு வெச்சு ஒத்துக்கிட்டாங்க என்று பரவியது. பெரிய சாரின் மேஜைத் தொலைபேசி ஓயவில்லை. பலகையை அன்றே கழற்றிவிட்டார்கள்.

ஜனங்களைக் கூட்டி விளக்கம் சொல்வது என்று முடிவாயிற்று. நூலகத்து மாடிக் கூடத்தில் கூட்டம். லேப்பம்மா நன்றாகத் தயாராகித்தான் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்: தயிரில் இல்லையா, நம் வயிற்றில் இல்லையா, எல்லா நுண்ணுயிரும் நோய் தருவதில்லை, தொட்டியில் இருப்பவை சாப்பிட்டால்தான் குழாயில் வேறெதுவும் வளராது. மேடைக்கு ஏறும்போது பெரிய சார் பக்கத்தில் வந்து, சுருக்கமாகச் சொல்லுங்கள், பயமுறுத்திவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

கூடம் நிரம்பியிருந்தது. இரண்டாவது வரிசையில் அண்ணி. தன் காப்பகத்துக்குக் குழந்தைகளை அனுப்பும் தாய்மார்களைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். என் தம்பி பெண்டாட்டிதான் அங்கே பார்க்கிறாள், நீங்களே வந்து கேளுங்கள் என்று சொல்லி அழைத்துவந்தது பிற்பாடுதான் லேப்பம்மாவுக்குத் தெரிந்தது. இவள் ஏரியிலிருந்து தொடங்கினாள். மண்டி அடங்குவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். அண்ணி கூட்டி வந்தவர்களில் ஒருத்தி.

“இதெல்லாம் எங்களுக்குப் புரியாதுங்க. ஒரே ஒரு கேள்வி. அந்தத் தொட்டியில கிருமி இருக்கா, இல்லையா?”

இருக்கிறது என்ற சொல் லேப்பம்மாவின் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அண்ணியின் முகம் கண்ணில் பட்டது. டம்ளரைக் கீழே வைத்த அன்று இருந்த அதே முகம் இல்லை. நம்பிக்கையோடு, கொஞ்சம் பெருமையோடு, இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த முகம்.

“இல்லைங்க” என்றாள். “ஒரு கிருமிகூட இல்லை.”

கைதட்டினார்கள். அண்ணி பின்னால் திரும்பி, நான் சொன்னேன் அல்லவா என்பதுபோல் நாலு பேரைப் பார்த்துத் தலையாட்டினாள். பெரிய சார் முகத்தில் நிம்மதி. லேப்பம்மா மேடையிலிருந்து இறங்கும்போது காது இரண்டும் சுட்டன. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே வக்கீலாக வாதாடிப் பார்த்தாள். கிருமி என்றால் நோய்க்கிருமி என்றுதானே அர்த்தம், அது இல்லை என்பது நிஜம்தானே. குழாயில் வரும் தண்ணீரை நினைத்துத்தான் சொன்னேன். எப்படிச் சுற்றிவந்தாலும் ஒரு இடத்தில் முட்டியது. அந்தப் பெண் குழாயைக் கேட்கவில்லை. தொட்டியைத்தான் கேட்டாள். தெளிவாகக் கேட்டாள்.

அதோடு போயிருந்தால் அது அவளுக்குள்ளேயே கிடந்து மக்கியிருக்கும். சில நாள் கழித்துப் பெரிய சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து கைதட்டிய வார்டு உறுப்பினரும் அங்கே உட்கார்ந்திருந்தார். ஜனங்களுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை, தொட்டிக்கு முன்னாலும் குளோரின் விடுகிறோம் என்று அறிவித்தால் எல்லார் வாயும் அடைபடும் என்று உறுப்பினர் சொன்னார். பெரிய சார் பேனாவை உருட்டிக்கொண்டே இவளைப் பார்த்தார். தொட்டியில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் பாதி தெரியும். ஆனால் அன்று மேடையில் எல்லார் காதிலும் விழுந்தது இவள் வாக்கு.

“தொட்டியில ஒண்ணுமே இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ முன்னாடி குளோரின் விட்டா நஷ்டம் எதுவும் இல்லையே மேடம்? ஆட்சேபணை உண்டா?” என்றார் பெரிய சார்.

ஆட்சேபணை உண்டு என்று சொல்ல வேண்டுமென்றால், நான் ஊர் முன்னால் பொய் சொன்னேன் என்று முதலில் சொல்ல வேண்டும். அதுவும் அந்த உறுப்பினர் முன்னால்.

“இல்லை சார்” என்றாள்.

குளோரின் தொட்டிக்கு முன்னால் விழத் தொடங்கியது. லேப்பம்மா எப்போதும்போலக் கரண்டியோடு போனாள், துகளை எடுத்தாள், குலுக்கினாள், மருந்து விட்டாள். மீட்டரில் எண் இறங்கியது. அடுத்த வாரம் இன்னும் இறங்கியது. ஆக்ஸிஜன் மேலே எவ்வளவோ கீழேயும் கிட்டத்தட்ட அவ்வளவே. நடுவில் மூச்சுவிட யாரும் இல்லை. வருஷக்கணக்கில் துகள்மேல் படர்ந்து உருவான குடியிருப்பு, அவள் கண்ணெதிரே, அவள் கருவியிலேயே, காலியாகிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் உறவுக்காரரின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே, வைத்தியரைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது அவளுக்கு. அறிக்கை பெரிய சாருக்குப் போகும். அவர் கடைசி வரியில் குழாய்த் தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்புவார். எண்களை அவள் ஒளிக்கவில்லை. வாயைத்தான் திறக்கவில்லை. மைக் அண்ணனிடம் மூச்சைப் பற்றிச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

வெயில் ஏறியது. ஏரி பச்சையானது. ஒவ்வொரு கோடையிலும் பச்சையாகும்தான். ஆனால் அந்த வாடையைத் தொட்டிகள் தின்றுவிடும், ஊருக்குத் தெரியாது. இந்த முறை தின்ன ஆளில்லை. குழாயைத் திறந்தால் மழைக்குப் பின் குட்டை நாறுகிற மாதிரி நாறியது. காய்ச்சினால் வாடை இன்னும் தூக்கியது. தெருக்கோடி வீடுகளில் குழாய் வாயில் வழவழவென்று படிந்தது. தொட்டியில் தின்னப்படாத தீனி அங்கே போய்ச் சேர, அவ்வளவு தூரம் போவதற்குள் குளோரினும் தேய்ந்துபோக, குழாய்க்குள்ளே வேறு கூட்டம் வளரத் தொடங்கியிருந்தது.

ஒருநாள் பெரிய சார் ஃபில்டர் கூடத்துக்கே வந்துவிட்டார். ஆட்கள் எல்லோரும் நின்றிருக்க, மைக் அண்ணனிடம் தொட்டி கழுவத் தெரியுமா தெரியாதா என்று கேட்டார். காது கேட்கவில்லை என்றால் கண்ணுமா தெரியவில்லை என்றார். இப்படியே போனால் சேறு அள்ளும் பக்கம் மாற்றிவிடுவேன் என்றார். மைக் அண்ணனுக்குப் பாதிதான் கேட்டது. மீதியை மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். லேப்பம்மா மாதிரிப் பாட்டில்களைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றிருந்தாள். ஒரே வாக்கியம் போதும். அது வரவில்லை.

அதற்குப் பிறகு மைக் அண்ணன் வெறி பிடித்தவர்போலக் கழுவினார். முறைப்படி கழுவ வேண்டிய நாளுக்கு முன்பே கழுவினார். சாப்பாட்டு நேரத்தில் கழுவினார். கடைசியில் ஒருநாள் ஒரு ஜாடியில் துகளை அள்ளிக்கொண்டு லேபுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, வழக்கத்துக்கு மாறாக மெதுவான குரலில் பேசினார்.

“லேப்பம்மா, என் கையில ஏதோ தப்பு இருக்கு. எங்கன்னு எனக்குப் பிடிபடலை. நீங்க பாத்துச் சொன்னா திருத்திக்கறேன்.”

அவள் ஜாடியை வாங்கி வைத்தாள். பார்க்கிறேன் அண்ணே என்றாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கதவு சாத்தியபின் அவளால் அந்த ஜாடியைப் பார்க்க முடியவில்லை. ஒரு துணியை எடுத்து மூடினாள்.

அந்த வாரக் கடைசியில் அண்ணி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். காப்பகத்தில் குழந்தைகள் பால் குடிக்க மறுக்கின்றன. பாலில் கலந்த தண்ணீர் நாறுகிறது. அண்ணி மூன்று பாத்திரம் மாற்றி மாற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வாசலில் குழந்தையைக் கூட்டிப்போக வந்த ஒருத்தியிடம் சமாதானம் பேசிக்கொண்டிருந்தாள்: வாடைதான், வேறு ஒன்றும் இல்லை, என் தம்பி பெண்டாட்டியே சொல்லியிருக்கிறாள். வந்தவள் அன்று கூட்டத்தில் கேள்வி கேட்ட பெண். லேப்பம்மாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தாள். “நீங்க சொன்னதை நம்பித்தாங்க கேன் தண்ணி வாங்கறதையே நிறுத்தினேன்” என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. இப்போது என்ன செய்யலாம் என்று யோசனை கேட்பவளின் குரல் அது.

லேப்பம்மா உள்ளே போய்விட்டாள். அண்ணி பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள்.

“அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது பொய்” என்றாள் லேப்பம்மா. அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

“எது பொய்?”

“ஒண்ணுகூட இல்லைன்னு சொன்னது. தொட்டியில நிறைய இருந்துச்சு. இருக்கணும். நான் இத்தனை வருஷமா பாத்துக்கிட்டதே அதுங்களைத்தான். நான் இல்லைன்னு சொல்லப்போய் மருந்து விட்டு எல்லாத்தையும் சாகடிச்சாச்சு. அதனாலதான் இந்த நாத்தம்.”

அண்ணி அடுப்பை அணைத்தாள். தொட்டியில் நிறைய இருந்தது என்றதைக் கேட்டு அருவருப்பாள் என்றுதான் இவள் எதிர்பார்த்தாள். அண்ணி கேட்டது வேறு.

“என்னைப் பாத்துட்டுத்தானே அப்படிச் சொன்னே?”

லேப்பம்மா அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

“நான் கவனிச்சேன். நீ வாயைத் திறந்தே, என்னைப் பாத்தே, அப்புறம் வேற ஏதோ சொன்னே. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. நான் என்ன, அவ்வளவு பயங்கரமானவளா?” என்றவள், இவள் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, “எங்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது. யாரோ ஒருத்தரைக் கழுவத் தெரியலைன்னு திட்டறாங்கன்னு நீ புலம்பினதா தம்பி சொன்னான். அந்த மனுஷன்கிட்ட சொன்னியா?” என்றாள்.

சொல்லவில்லை. அதையும் அண்ணியிடம் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெரிய சாரிடம் போனாள். முன்னால் விடும் குளோரினை நிறுத்த வேண்டும் என்றாள். ஏன் என்பதையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம் என்றார். வாடை போனால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள், எதற்குப் பழையதைக் கிளற வேண்டும் என்றார். மைக் அண்ணனைப் பற்றிக் கேட்டதற்கு, நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவர் சொல்லமாட்டார் என்று இவளுக்குத் தெரிந்தது. தன்னைப்போன்ற இன்னொருவரை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு இப்போது நேரம் ஆகவில்லை.

ஃபில்டர் கூடத்தில் மைக் அண்ணன் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். காற்று ஊதும் இயந்திரம் காதைக் கிழித்தது. தண்ணீர் கருப்பாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நிறுத்தும்வரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று பயந்து, அவர் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

“அண்ணே, உங்கமேல தப்பில்லை. தப்பு என்னோடது.”

“என்னது?”

“தப்பு என்னோடதுன்னேன்.”

அவர் காதைக் காட்டி, இன்னும் பலமாக என்று சைகை செய்தார். தனியாக ஒருவரிடம் தாழ்ந்த குரலில் சொல்ல நினைத்ததை அவள் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. நான் பொய் சொன்னேன், அதனால்தான் குளோரின் விட்டார்கள், அதனால்தான் தொட்டி செத்தது, நீங்கள் சரியாகத்தான் கழுவினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கத்தினாள். ஒரு சிலதை இரண்டு தடவை கத்தினாள். கோடியில் குழாய் பொருத்திக்கொண்டிருந்தவர்கள் கையில் ஸ்பானரோடு திரும்பிப் பார்த்தார்கள். மாடிப்படியில் காவலாளி நின்றுவிட்டார்.

மைக் அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினார். திடீரென்று வந்த நிசப்தத்தில் தண்ணீர் அடங்கும் சத்தம் மட்டும் இருந்தது.

“அந்த ஜாடி?” என்றார்.

“அதைப் பாக்கவே இல்லை அண்ணே. எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே.”

அவர் தலையாட்டினார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். “கை போச்சு, ரிட்டயர் ஆயிடறேன்னு வீட்டுல சொல்லிக்கிட்டிருந்தேன். பொண்டாட்டி எதுவும் பேசலை. அவ பேசாம இருந்து நான் பாத்ததே இல்லை” என்றார். பிறகு, முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்றார். அதைச் சத்தமாகத்தான் சொன்னார், எப்போதும்போல. இயந்திரத்தை மறுபடி போட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி பாக்கி இருந்தது ஊர். பெரிய சார் வேண்டாம் என்றார். லேப்பம்மா நூலகரிடம் போய்த் தானே கூடத்தைக் கேட்டு வாங்கினாள். வாசலில் அறிவிப்பு ஒட்டினாள். வந்தவர்கள் கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். பேப்பர் படிக்க வந்து அப்படியே மேலே ஏறி வந்தவர்கள் இரண்டு பேர், அண்ணி, கணவர், அந்தப் பெண், இன்னும் ஓரிருவர். கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மனைவியின் வேலை என்னவென்று அவரும் அன்றுதான் முழுசாகக் கேட்டார். லேப்பம்மா இந்தத் தடவை ஏரியிலிருந்து தொடங்கவில்லை. தொட்டியில் நுண்ணுயிர்கள் இருந்தன, இருக்க வேண்டும், இல்லை என்று நான் சொன்னது பொய் என்று தொடங்கினாள். அவை என்ன செய்கின்றன, எப்படி அளக்கிறோம், வாசலில் எப்படிக் காவல் இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னாள். குளோரினை முன்னால் விடுவதை நிறுத்தியாயிற்று, மறுபடி படர மாதங்கள் ஆகும், அதுவரை வாடை இருக்கும் என்பதையும் சொன்னாள்.

அந்தப் பெண் இந்த முறை உட்கார்ந்தே கேட்டாள்.

“அப்போ அன்னிக்கு ஏன் இல்லைன்னு சொன்னீங்க?”

“வெட்கமா இருந்துச்சும்மா.”

“எதுக்கு வெட்கம்? உங்க வேலைதானே அது?”

லேப்பம்மா கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் காத்திருந்து பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கோபமாகவோ முகத்தைத் திருப்பிக்கொண்டோ போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவள்போலப் போனாள். மறுவாரம் குழந்தையை வேறு காப்பகத்தில் சேர்த்துவிட்டாள் என்று தெரிந்தது. அண்ணி அதைச் சொல்லும்போது இவள்மேல் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் தேவலை.

தொட்டிகள் மெல்லத்தான் மீண்டன. முதலில் மீட்டர் அசையவே இல்லை. பிறகு ஒரு தொட்டியில் எண் கொஞ்சம் ஏறியது, அடுத்ததில் ஏறியது. கீழ்த் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையத் தொடங்கியது. வெயில் தணிந்து குளிர் வந்து, மறுபடி வெயில் தொடங்கும்போது ஏரி வழக்கம்போலப் பச்சையானது. குழாயில் வாடை வரவில்லை. நாறுகிறது என்று போன் செய்தவர்களில் ஒருவர்கூட நாறவில்லை என்று சொல்லப் போன் செய்யவில்லை. கேன் தண்ணீருக்கு மாறிய பல வீடுகள் திரும்பவில்லை. பெரிய சார் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் அறிக்கையில் கடைசி வரிக்கு மேலே உள்ள வரிகளையும் இப்போது படிக்கிறார் என்பது, அவர் கேட்கும் ஒன்றிரண்டு கேள்விகளில் தெரிந்தது.

அண்ணி இன்னமும் காய்ச்சித்தான் குடிக்கிறாள். காப்பகத்தில் யாராவது தாய் தண்ணீரைப் பற்றிக் கேட்டால், இவளுக்குப் போன் போட்டு அந்தத் தாயிடமே கொடுத்துவிடுகிறாள். லேப்பம்மா ஒவ்வொருத்தியிடமும் முதல் வார்த்தையாக, இருக்குங்க என்பாள். சிலர் மேற்கொண்டு கேட்பார்கள். சிலர் போனை அண்ணியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

மைக் அண்ணன் சேறு அள்ளும் பக்கம் போகவில்லை. வேலை விஷயம் எல்லாம் பேசுகிறார். ரகசியமாகக் கேலி பேசுவது மட்டும் நெடுநாள் நின்றுபோயிருந்தது. அவளும் மூச்சைப் பற்றி அவரிடம் பழையபடி சொல்ல வாய் வராமல், எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். தேநீர் வேளையில் எல்லோரும் நின்றிருந்தபோது, இந்தத் தொட்டிகளில் ஏதாவது சிக்கல் உண்டா என்று மைக் அண்ணனிடம் கேட்டார்.

“எங்க லேப்பம்மாவைக் கேளுங்க சார். எல்லாம் அவங்களுக்குத் தெரியும்” என்றார் மைக் அண்ணன். ஒரு வாய் டீ குடித்துவிட்டு, தன் கணக்கில் ரகசியமாக, “ஆனா ரெண்டு தடவை கேளுங்க” என்றார்.

வாசல்வரை கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரிக்குக் காரணம் புரியாவிட்டாலும் அவரும் சிரித்தார். லேப்பம்மாவும் சிரித்தாள், காதுமடல் வரை சூடு ஏறியது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தொட்டிகளைப் பற்றி அதிகாரிக்குச் சொல்லத் தொடங்கினாள். நாலாவது தொட்டியில் எண் இரண்டு வாரமாகக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, காரணம் தனக்கு இன்னும் தெரியவில்லை என்றாள். அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்ததால், அதையே அவர் கேட்காமலே இரண்டாம் தடவையும் சொன்னாள்.